பணக்கார ஆட்டம் என்ற பழி

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1926-இல் தொடங்கிய தொழில்முறை கோல்ஃப் போட்டி ஒன்று நூறாண்டுக் காலத்தில் பல பெயர்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் அது வெறும் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன். 1987 முதல் 2007 வரை அதன் பெயரோடு நிசான் சேர்ந்திருந்தது. 2017 முதல் ஹூண்டாய் குழுமத்தின் சொகுசுக் கார்ப் பிரிவான ஜெனிசிஸின் பெயரை அது தாங்குகிறது. நிசான் கார்கள் 2010 முதல் ஒரகடத்தில் உருவாகின்றன. ஹூண்டாயின் சான்ட்ரோ 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இரண்டு ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய ஒரே தொழிற்பட்டையில் இருப்பவை. அதே பட்டையில் 2007 முதல் ஆலை நடத்தும் சாம்சங், பெண்கள் கோல்ஃபில் பல ஆண்டுகள் பெரும் பணம் போட்ட நிறுவனம்.

இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். கோல்ஃப் பணக்காரர் ஆட்டம். முதலாளி ஆடுகிறார், முதலாளியே செலவழிக்கிறார். சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்பதே அந்தப் பதில். 2024 செப்டம்பரில் கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டபோது, அந்த நிலத்துக்குள் இருந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலுக்காகப் பரிதாபப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. பணக்காரர்களின் புல்வெளிதானே, போனால் போகட்டும் என்பதே பொதுவான மனநிலை. கிண்டி முடிவு சரியா தவறா என்பது தனி வழக்கு. ஆனால் அந்த மனநிலைக்கு அடியில் கிடக்கும் கருத்து, அதாவது இந்த ஆட்டம் இயல்பிலேயே பணக்காரருக்கு உரியது என்பது, போட்டி முடிவுகளின் முன்னால் நிற்காது. யார் வென்றார்கள் என்ற பட்டியலைக் கையில் எடுத்தாலே போதும்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடலாம். கம்பெனிகள் கோல்ஃபுக்குப் பணம் கொடுப்பது அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக என்பது வெறும் ஊகம். ஜெனிசிஸ் தனிப் பிராண்டாக அறிவிக்கப்பட்டது 2015-இல். தனிப் பிராண்டாக அமெரிக்காவில் அது அப்போது புதியது. சொகுசுக் கார் வாங்கக்கூடியவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் போட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது கணக்குப் பார்த்துச் செய்த விளம்பரம். 2024-இல் அந்தப் போட்டியின் பரிசுத் தொகை 2 கோடி டாலர்; வென்றவருக்கு 40 லட்சம் டாலர். அந்த ஆண்டு ஜப்பானின் ஹிடெகி மட்சுயாமா கடைசி நாள் ஆட்டத்தை ஆறு ஸ்ட்ரோக் பின்தங்கிய நிலையில் தொடங்கி, 62 அடித்து, மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 15, 16-ஆம் குழிகளில் அவர் அடித்த பந்துகள் கொடிக்கம்பத்துக்கு ஓர் அடிக்குள் வந்து நின்றன. அமெரிக்கச் சுற்றில் அது அவரது ஒன்பதாவது பட்டம். ஆசிய வீரர்களில் எட்டுப் பட்டங்களோடு முன்னணியில் இருந்த கொரியாவின் சோய் கியுங்-ஜூவை அந்த வெற்றி பின்னுக்குத் தள்ளியது. இத்தனையும் நடக்கும்போது திரையின் மூலையில் ஒரு கார்ப் பெயர் தெரிந்துகொண்டிருந்தது. விளம்பரக்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான். இதில் அதிகாரியின் பொழுதுபோக்குக்கு இடம் எங்கே?

இனி முக்கியமான பட்டியலுக்கு வரலாம். ஜெனிசிஸ் போட்டி இப்போது நடக்கும் ரிவியேரா கண்ட்ரி கிளப், பெயருக்கேற்ற பணக்கார இடம். ஆனால் 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை அதே போட்டி பெரும்பாலும் ரான்சோ பார்க்கில் நடந்தது. அது லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சிக்குச் சொந்தமான பொதுத் திடல். கட்டணம் கட்டினால் ஊரில் யாரும் ஆடலாம். 1961-இல் ஆர்னால்ட் பாமர் அங்கே ஒரே குழிக்கு நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே அடித்துவிட்டு 12 ஸ்ட்ரோக் எடுத்தார். பெரிய ஆட்டக்காரரும் இப்படி மாட்டிக்கொள்ளலாம் என்பதை ஊருக்கு நினைவூட்டும் பலகை ஒன்று அங்கே இருக்கிறது. அந்தப் பாமரே ஒரு திடல் பராமரிப்பாளரின் மகன். பின்னாளில் அதே ரான்சோ பார்க்கில் இந்தப் போட்டியை மூன்று முறை வென்றார்.

1969-இல் ரான்சோ பார்க்கில் வென்றவர் சார்லி சிஃபோர்ட். சிறுவயதில் மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கிச் சென்ற கறுப்பினத்தவர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வாசகம் 1961 நவம்பர் வரை எழுத்தில் இருந்தது. அது நீங்கியபோது சிஃபோர்டுக்கு வயது 39. ஆட்டத்தின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அப்படியும் 1969-இல் அவர் பிளே-ஆஃபில் தோற்கடித்தது தென்னாப்பிரிக்காவின் ஹரால்ட் ஹென்னிங்கை. நிறவெறி நாட்டிலிருந்து வந்த வெள்ளையரை, வெள்ளையர் சங்கம் நெடுநாள் வெளியே நிறுத்திவைத்த ஒருவர், நகராட்சியின் பொதுத் திடலில் வென்றார். இன்று அந்தப் போட்டியில் சிஃபோர்ட் நினைவாக ஆண்டுதோறும் ஒரு வீரருக்குத் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. டைகர் வுட்ஸ் தன் மகனுக்கு வைத்த பெயர் சார்லி.

தென்னாப்பிரிக்காவில் இதைவிடக் கொடுமையான சாட்சி உண்டு. டர்பனில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான செவ்சங்கர் செவ்கோலம், 'பாப்வா' என்று அழைக்கப்பட்டவர், பை தூக்கும் வேலையிலிருந்து வந்தவர். ஆசான் இல்லாமல் கற்றதால் மட்டையைப் பிடிப்பதில் அவருடைய கைகள் இடம் மாறியிருந்தன. பாடப்புத்தகம் எதுவும் ஒப்பாத பிடி. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963-இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனையும் வென்றார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழையச் சட்டம் இடம் தரவில்லை. மற்றவர்கள் உள்ளே நிற்க, வென்றவர் வெளியே மழையில் நனைந்தபடி கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கோல்ஃப் யாருடையது என்று கேட்பவர்கள் அதை ஒரு நிமிடம் பார்க்கலாம். ஆட்டம் அவரைத் தடுக்கவில்லை. 72 குழிகளில் அவரைவிடக் குறைவான ஸ்ட்ரோக்கில் யாரும் முடிக்கவில்லை. தடுத்தது கதவு.

இந்தியாவின் பட்டியலும் இதையே சொல்கிறது. இந்தியன் ஓப்பன் 1964-இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனின் முயற்சியால் தொடங்கியது. முதல் இந்திய வெற்றி 1965-இல் அமெச்சூர் வீரர் பில்லு சேத்தியுடையது. அடுத்த இந்திய வெற்றிக்கு 26 ஆண்டுகள் ஆயின. 1991-இல் வென்ற அலி ஷேர், தில்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கி வளர்ந்தவர். 1993-இல் மீண்டும் வென்றார். 2002-இல் வென்ற லக்னோவின் விஜய் குமாரும் அதே வழியில் வந்தவர். 2009-இல் வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர்; பிளே-ஆஃபில் அவர் வீழ்த்தியது கொரியாவின் லீ சுங்கை. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்தரைப் பராமரிப்பாளரின் மகன். 1829-இல் தொடங்கிய அந்தக் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப். அதன் உறுப்பினர் பிள்ளைகள் பலருக்கும் எட்டாத கோப்பையை அங்கே புல் பராமரித்தவரின் பிள்ளை கொண்டுவந்தார், அதுவும் அதே போட்டியில் நான்கு முறை இரண்டாமிடத்தோடு திரும்பிய பிறகு. 1991 முதல் 2017 வரை இந்தியர்கள் அந்தப் போட்டியை வென்றது 12 முறை. அவற்றில் குறைந்தது பாதி, கிளப்பின் பின்வாசல் வழியாக வந்தவர்களுடையது. மீதியில் ராணுவ அதிகாரியின் மகன் ஜோதி ரந்தாவாவும் ராணுவ மருத்துவரின் மகன் அனிர்பன் லாஹிரியும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பணக்காரர் மட்டுமே ஆடும் ஆட்டமாக இருந்தால் முதல் பாதியே இருந்திருக்கக் கூடாது.

இடையில் 2013-இல் வென்ற சித்திகுர் ரஹ்மான் டாக்காவில் பை தூக்கிய சிறுவன். 2016 ஒலிம்பிக்கிற்குச் சலுகை இடம் இல்லாமல் தகுதி பெற்ற முதல் வங்கதேச வீரர் அவர்தான். தமிழ்ப் பெயர் தேடுபவர்களுக்கு இலங்கையின் என். தங்கராஜா இருக்கிறார், இந்தியத் தொழில்முறைச் சுற்றான பி.ஜி.டி.ஐ.-யில் பட்டம் வென்றவர்.

இந்த வீரர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பை தூக்கும் சிறுவன் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறான். எந்தக் காற்றுக்கு எந்த மட்டை, எந்தச் சரிவில் பந்து எப்படி உருளும் என்பது அவனுக்குக் காலில் ஏறிய பாடம். ஆடுபவர் மட்டை கேட்பதற்கு முன்பே அவன் கை பைக்குள் போயிருக்கும். பல கிளப்களில் உறுப்பினர்கள் வராத திங்கட்கிழமை மட்டும் அவனுக்கு ஆடக் கிடைக்கும். உறுப்பினர் கழித்துப்போட்ட மட்டை, குளத்திலிருந்து எடுத்த பந்து. வாரத்தில் ஆறு நாள் பார்த்துக் கற்று, ஒரு நாள் அடித்துக் கற்றவர்கள் இந்தியாவின் தேசியப் போட்டியை வென்றிருக்கிறார்கள். கோச்சிங் மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டும் பெற்றோருக்கு இது உவப்பான செய்தியாக இருக்காது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. பத்துப் பேர் ஜெயித்தார்கள் என்பதற்காகப் பையோடு ஆயுள் முழுவதும் நடந்த ஆயிரக்கணக்கானவர்களை மறந்துவிடலாமா? கூடாது. ஆனால் அந்த வாதம் கிளப்பின் மேல் விழும் குற்றச்சாட்டு. ஆட்டத்தின் மேல் அது ஒட்டாது. ஒரு திங்கட்கிழமை திறந்ததற்கே இத்தனை பேர் வந்தார்கள் என்றால், மற்ற ஆறு நாளும் பூட்டியிருந்ததால் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அதிலிருந்து எழும் கேள்வி. அடுத்த வாதம், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது. 2018 முதல் இந்தியன் ஓப்பனை மேட் வாலஸ், ஸ்டீஃபன் கல்லகர், மார்செல் சீம், கெய்டா நகாஜிமா, யூஜெனியோ சக்காரா என்று வெளிநாட்டவரே வென்றிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் இதே ஆண்டுகளில் இந்தியாவின் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. பணம் தோற்றதைக் கொண்டு ஏழை தோற்றான் என்று நிறுவ முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரின் அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200-ஐ ஒட்டிய இடத்திலிருந்து போய், நான்காம் இடத்தில் முடித்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் இடைவெளி. அந்த நான்கு நாளும் அவருடைய பையைத் தூக்கியவர் அவருடைய அம்மா. பெற்றோர் கோல்ஃப் குடும்பத்தினர் அல்லர். கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் தளம் சிறுவர்களை உள்ளே விட்டதால் ஐந்து வயதில் அந்தக் குழந்தையின் கையில் மட்டை வந்தது. கதவு திறந்திருந்த ஒரே காரணத்தால் வந்த முடிவு அது.

கொரியர்களைப் பற்றிப் பேசாமல் ஸ்ரீபெரும்புதூரில் இந்த விவாதத்தை முடிக்க இயலாது. ஹங்குல் எழுத்தில் உணவக விளம்பரப் பலகை தொங்கும் ஊர் அது; கொரிய மேலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடப் போவதைப் பார்த்துத்தான் 'அதிகாரி ஆட்டம்' என்ற எண்ணம் பலருக்கு உறுதிப்பட்டது. ஆனால் கொரியாவில் அந்த ஆட்டம் பரவிய கதை வேறு. 1997 இறுதியில் கொரியப் பொருளாதாரம் சரிந்து சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவர இரண்டு மாதமே இருந்த 1998 ஜூலையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெண்களுக்கான யு.எஸ். ஓப்பன் நடந்தது. சாம்சங்கின் ஆதரவில் ஆடிய 20 வயது பாக் செ-ரி, 18 குழி பிளே-ஆஃபின் கடைசிக் குழியில் பந்தை நீர்க்கரைச் சரிவுக்கு அடித்துவிட்டார். தண்டம் ஏற்றுப் பந்தை வெளியே எடுத்து ஆடியிருக்கலாம். அவர் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வெயிலில் கறுத்த கெண்டைக்கால், காலுறைக்குள் இருந்து வெளுத்த பாதம்: தொலைக்காட்சியில் அதைப் பார்த்த கொரியர்களுக்கு அந்த இரண்டு நிறங்களே அவருடைய பயிற்சி மணிநேரங்களின் கணக்குப் புத்தகம். பந்தை மேலேற்றினார், ஆட்டம் சமனாகி, மேலும் இரண்டு குழிகளுக்குப் பிறகு அமெரிக்காவின் ஜென்னி சுவாசிரிபோர்னைத் தோற்கடித்தார்.

அந்த முடிவின் விளைவைத் தேதி வாரியாகவே காட்டலாம். அந்த ஆட்டத்தைப் பார்த்து மட்டை எடுத்த சிறுமிகளில் ஒருவர் பார்க் இன்-பீ. பத்தாண்டு கழித்து 2008-இல், 19 வயதில், அதே யு.எஸ். ஓப்பனை வென்றார். 2016-இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது அவர் அணியின் பயிற்சியாளர் பாக் செ-ரி. ஆண்களில் யாங் யோங்-யுன் ஜெஜு தீவின் விவசாயி மகன். பயிற்சித் தளத்தில் பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்து அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொண்டவர். 2009-இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் டைகர் வுட்ஸை மூன்று ஸ்ட்ரோக்கில் வென்றார். மூன்று நாள் முடிவில் முன்னணியில் இருந்த பெரும் போட்டி எதையும் அதுவரை வுட்ஸ் கோட்டை விட்டதில்லை. ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் பெரும் போட்டியை வென்றதும் அதுவே முதல் முறை.

கொரியாவில் நிலம் விலை உச்சம். 18 குழித் திடல் கட்டணம் இன்றும் கனம். ஆட்டம் பரவியது வலை கட்டிய பயிற்சித் தளங்கள் வழியாகவும், திரையில் தெரியும் திடலைப் பார்த்து ஓர் அறைக்குள்ளேயே உண்மையான மட்டையால் அடிக்கும் ஸ்கிரீன் கோல்ஃப் வழியாகவும். வேலை முடிந்த அலுவலக ஊழியர்கள் சேர்ந்து போகும் இடம் அது.

தமிழகத்தில் கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்ற வாதத்தை வைப்பவர்களிடம் ஒரு முரணும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு முன்பே, 1990 முதல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. கோல்ஃப் மட்டையின் விலை மோட்டார் பந்தயத்தில் ஒரு டயருக்குக்கூடப் போதுமா என்பது சந்தேகம். அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது அதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று தமிழர்கள் ஒதுக்கவில்லை; தெருவெல்லாம் கொண்டாடினார்கள், அதில் தவறும் இல்லை. ஒரு விளையாட்டை நம்முடையதாக்குவதில் செலவு முதல் தடையல்ல என்பதற்கு அதைவிட அருகில் சான்று கிடைக்காது.

எஞ்சுவது நிலமும் நீரும். இந்த எதிர்ப்பு நியாயமானது, அலட்சியமாகத் தள்ளக் கூடாதது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த கிராமங்களில், ஏரிப் பாசனத்தை இழந்தவர்களிடம் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கரில் புல் வளர்க்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டியதில்லை. 18 குழித் திடல் போட்டிக்கு வேண்டும், கற்பதற்கு வேண்டாம். பயிற்சித் தளத்துக்குச் சில ஏக்கர், ஸ்கிரீன் கோல்ஃபுக்கு ஒரு கூடம். புல் வளர்த்தாலும் அதற்குக் குடிநீர் தேவையில்லை: கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியம் கழிவுநீரைச் சவ்வூடு பரவல் வரை சுத்திகரித்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு 2019 முதல் குழாயில் அனுப்புகிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட நிலையம் அது. இயந்திரத்துக்குப் போகும் அந்த அளவு சுத்தம் புல்லுக்குத் தேவைப்படாது.

ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மிகப் பழைய திடல் இன்றும் பொது நிலம். ஊர்க்காரர்களுக்கு ஆண்டுச் சீட்டு சலுகை விலையில் கிடைக்கிறது. பெரிய போட்டிகள் நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே இல்லை. திடல் பூங்காவாகிவிடுகிறது, ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நிலத்தைப் பூட்டிவைத்ததுதான் கிண்டியின் மேல் இருந்த கோபம் என்றால், செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தக் கோபத்துக்கு வேலை இல்லை. அது எழ வேண்டியது உறுப்பினர் பட்டியலின் மேல், நுழைவுக் கட்டணத்தின் மேல், தொழிற்பேட்டை வரைபடத்தில் ஆலைக்கும் கிடங்குக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் எந்த ஆட்டமும் ஆட ஒரு திடல்கூட ஒதுக்காத திட்டமிடலின் மேல்.